பாதிக் கிணறு தாண்டாதீர்கள்! காசநோய் மருந்துகளைப் பற்றிச் சில விளக்கங்கள்



சென்ற முறை இனிப்புநீர் வியாதியைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை காசநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகளைப் பற்றி எழுதுகிறேன். இதை எழுதத் தூண்டியது ஒரு பிளாஸ்டிக் பை.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை, பிரட்டு முடிந்து ஆட்கள் வெளிக்காட்டுக்குப் போன பிறகு, ஓர் அம்மா டிஸ்பென்சரிக்கு வந்தார். கையில் ஒரு பை. உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள். "ஐயா, இதை வேற யாருக்காச்சும் கொடுங்க. வீணாப் போகுது. எங்க வீட்டுக்காரருக்குத்தான் நல்லாயிடுச்சே" என்றார். அவர் வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டுபவர். காசநோய் என்று கண்டு இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டார். இருமல் நின்றது. சாப்பாடு இறங்கியது. நாலு கிலோ ஏறியது. அவ்வளவுதான், மூன்று வாரமாக மாத்திரையைத் தொடவில்லை.

அந்த அம்மா நல்ல மனசோடுதான் கொண்டு வந்தார். ஆனால் அந்தப் பையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். அந்த அண்ணன் என்ன ஆனார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இது என்ன வியாதி?

காசநோய், சயரோகம், எலும்புருக்கி, டிபி, மலாய்க்காரர்கள் சொல்லும் பாத்துக் கெரிங் எல்லாம் ஒன்றுதான். இது பரம்பரை வியாதி அல்ல. செய்வினையும் அல்ல, முன்னோர் செய்த பாவமும் அல்ல. இது ஒரு கிருமியால் வருகிறது. அந்தக் கிருமியை 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி ராபர்ட் காக் என்ற ஜெர்மன் டாக்டர் உலகுக்கு அறிவித்தார். அதனால்தான் இன்றும் மார்ச் 24 உலகக் காசநோய் தினமாக இருக்கிறது.

நுரையீரலில் காசநோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. காற்றோட்டமில்லாத அறையில் அவரோடு நெடுநேரம் இருப்பவர் அதைச் சுவாசிக்கிறார். கிருமி உள்ளே போன எல்லோருக்கும் வியாதி வருவதில்லை. நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது வியாதியாக மாறும். இனிப்புநீர் உள்ளவர், புகை பிடிப்பவர், சம்சு குடிப்பவர், சரியாகச் சாப்பிடாதவர், எச்.ஐ.வி. உள்ளவர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை ஆகியோருக்கு ஆபத்து கூடுதல்.

'இதெல்லாம் பழைய காலத்து வியாதி' என்று நினைக்காதீர்கள். நம் மலேசியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 25,000-க்கு மேற்பட்டவர்களுக்குக் காசநோய் கண்டுபிடிக்கப்பட்டது.

மருந்து இல்லாத காலமும் மருந்து வந்த கதையும்

நம் பாட்டன் காலத்தில் இதற்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, இவ்வளவுதான் வைத்தியம். பிழைத்தவர் பிழைத்தார், மற்றவர் போய்ச் சேர்ந்தார்.

1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்டிரெப்டோமைசின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். ஊசியாகப் போட்டார்கள். சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால் நடந்தது என்ன? பிரிட்டனில் 1947-இல் நோயாளிகளை இரு பிரிவாக்கிச் சோதித்துப் பார்த்தபோது, முதல் சில மாதம் பிரமாதமான குணம் தெரிந்தது. பிறகு பலருக்கு மறுபடி வியாதி முற்றியது. கிருமி அந்த ஒரு மருந்துக்குப் பழகிவிட்டது. ஐந்து வருடம் கழித்து எண்ணிப் பார்த்தால், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அன்று படித்த பாடம் இன்றும் மாறவில்லை: காசநோய்க்கு ஒரே ஒரு மருந்து கொடுத்தால் ஜெயிப்பது கிருமிதான்.

பிறகு பாஸ் என்ற மருந்தும், 1952-இல் ஐசோனியாசிட் என்ற மாத்திரையும் வந்தன. இவற்றைச் சேர்த்துக் கொடுத்தபோது நோயாளிகள் நிரந்தரமாகக் குணமானார்கள். ஆனால் ஒன்றரை வருடம், இரண்டு வருடம் சாப்பிட வேண்டியிருந்தது.

இங்கே நம் தமிழ் மண்ணில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். 1956-இல் மதராஸில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் படுக்க வைத்து நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தார்கள். மற்றொரு பகுதியினருக்கு அதே மருந்தைக் கொடுத்து, நெரிசலான வீட்டிலேயே இருக்கச் செய்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள். அதைவிட முக்கியம், வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக வியாதி தொற்றவில்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்கே அந்த ஆராய்ச்சி காட்டியது.

நம் நாட்டில் 1961-இல் தேசிய காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பமானது. 1960-களின் கடைசியில் ரிஃபாம்பிசின் என்ற பலமான மருந்து புழக்கத்துக்கு வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவிலும், பக்கத்திலுள்ள சிங்கப்பூரிலும் 1970-களில் நடந்த ஆராய்ச்சிகளால், இரண்டு வருட வைத்தியம் ஆறு மாதமாகக் குறைந்தது. இன்று நீங்கள் 'ஆறு மாசமா!' என்று மலைக்கிறீர்கள். உங்கள் தாத்தா காலத்துக்காரர் கேட்டால் 'ஆறே மாசமா!' என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

நான்கு மருந்துகள்

சாதாரணக் காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள். ஆக மொத்தம் ஆறு மாதம். மூளை, முதுகெலும்பு போன்ற இடங்களில் வந்தால் இன்னும் கூடுதலான மாதங்கள் ஆகும்.

1. ஐசோனியாசிட். வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் கிருமிகளை முதல் சில நாட்களிலேயே கொன்று குவிப்பது இதுதான். சிலருக்குக் கை கால் விரல்களில் மரத்துப்போவதும் எரிச்சலும் வரும். குடிப்பவருக்கும் இனிப்புநீர் உள்ளவருக்கும் கர்ப்பிணிக்கும் இது வர வாய்ப்பு அதிகம். அதைத் தடுக்கத்தான் பைரிடாக்சின் என்ற வைட்டமின் பி6 மாத்திரை கூடவே கொடுக்கிறோம். 'இது சும்மா சத்து மாத்திரைதானே' என்று அதை ஒதுக்கி வைக்காதீர்கள்.

2. ரிஃபாம்பிசின். தூங்குவதுபோல் கிடந்து அவ்வப்போது விழிக்கும் கிருமிகளையும் இது கொல்லும். வைத்தியத்தை ஆறு மாதமாகக் குறைத்ததில் பெரும் பங்கு இதற்குத்தான். இதைச் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாக, கித்தா வேலைக்காரர் பாஷையில் சொன்னால் காப்பி வடிகட்டிய மாதிரி சிவந்து போகும். வியர்வை, கண்ணீர், எச்சில்கூட நிறம் மாறலாம். இது ரத்தம் அல்ல, பயப்பட வேண்டாம். மருந்து உடம்பில் ஏறியிருக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

3. பைராசினமைட். புண்ணாகிப் புளித்துக் கிடக்கும் இடங்களில் ஒளிந்திருக்கும் கிருமிகளைத் தேடிக் கொல்வது இது. முதல் இரண்டு மாதம் மட்டும். சிலருக்கு மூட்டு வலி வரும். கௌட் வியாதி உள்ளவர் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

4. எத்தாம்புட்டால். மற்ற மருந்துகளுக்குக் கிருமி பழகிவிடாமல் காவல் காப்பது இது. அபூர்வமாகக் கண்ணைப் பாதிக்கும். பார்வை மங்குவது, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாமல் போவது இதன் அறிகுறி. பழுத்த குலைக்கும் காய்க்கும் நிறம் பிரித்துப் பார்த்து வேலை செய்கிற நம் செம்பனைத் தொழிலாளர் இதைச் சீக்கிரமே கண்டுகொள்வார்.

இந்த நான்கையும் ஒரே மாத்திரையில் சேர்த்தும் இப்போது கொடுக்கிறார்கள். எத்தனை மாத்திரை என்பது உடம்பு எடையைப் பொறுத்தது. 'பக்கத்து லயத்துக்காரருக்கு நாலு, எனக்கு மட்டும் ஏன் மூணு?' என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் எடை 50 கிலோ, பக்கத்து லயத்துக்காரர் 60 கிலோ. அவ்வளவுதான் காரணம். எடை ஏற ஏற அளவையும் டாக்டர் மாற்றுவார்.

ஏன் நான்கு? ஏன் ஆறு மாதம்?

லாலான் புல்லை நமக்கெல்லாம் தெரியும். மேலே வெட்டிவிட்டால் தரை சுத்தமாகத் தெரியும். மண்டோர்கூட வந்து பார்த்துவிட்டுச் சரி என்பார். ஆனால் மண்ணுக்கடியில் கிழங்கு உயிரோடு கிடக்கிறது. ஒரு மழை பெய்தால் பழையபடி முளைத்துவிடும்.

காசநோய்க் கிருமியும் அப்படித்தான். முதல் இரண்டு மாத மருந்து மேலே தெரியும் புல்லை வெட்டுகிறது. இருமல் நிற்கிறது, காய்ச்சல் போகிறது, பசி எடுக்கிறது. அடுத்த நான்கு மாத மருந்துதான் கிழங்கைத் தோண்டி எடுக்கிறது. சாதாரணக் கிருமிகள் பல அரை மணி நேரத்துக்குள் இரண்டாகப் பெருகிவிடும். காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாவதற்குச் சுமார் 15 முதல் 20 மணி நேரம் ஆகும். சில கிருமிகள் பெருகாமல் அப்படியே உறங்கிக் கிடக்கும். உறங்குகிற கிருமியை மருந்து எளிதில் கொல்ல முடியாது. அது விழிக்கும் வரை மருந்து உடம்பில் காத்திருக்க வேண்டும். ஆறு மாதத்தின் ரகசியம் இதுதான்.

அப்படியானால் நான்கு ஏன்? நுரையீரலில் ஒரு பொத்தல் விழுந்தால் அதில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றில் சுமார் பத்து லட்சத்தில் ஒன்று ஐசோனியாசிட்டுக்குச் சாகாத ஜாதியாக இயற்கையிலேயே இருக்கும். ஐசோனியாசிட் மட்டும் கொடுத்தால் மற்றவை செத்து, அந்த ஒன்று பெருகி, இடம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். பல மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தால் ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றில் மாட்டிக்கொள்ளும். அதனால் 'இந்த மாத்திரை ஒத்துக்கலே, மத்ததை மட்டும் சாப்பிடுறேன்' என்று நீங்களாகப் பொறுக்கி எடுக்கக் கூடாது. விட்டு விட்டுச் சாப்பிடுவதும் கிருமிக்குப் பயிற்சி கொடுப்பது மாதிரிதான்.

மருந்துக்குச் சாகாத காசநோய் வந்துவிட்டால் கதையே வேறு. பல காலம் அதற்கு ஒன்றரை வருடம், இரண்டு வருடம் கடுமையான மருந்தும், காதைக் கெடுக்கும் ஊசியும் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது பெடாகுவிலின் போன்ற புது மருந்துகளைச் சேர்த்து ஆறு மாத வைத்தியத்தை 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்திருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது. அந்த நிலைக்குப் போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம். அந்தக் கிருமி உங்களோடு நிற்காது, உங்கள் பிள்ளைக்கும் அதே சாகாத ஜாதியாகத்தான் போய்ச் சேரும்.

எப்படிச் சாப்பிடுவது?

எல்லா மாத்திரைகளையும் தினமும் ஒரே வேளையில், வெறும் வயிற்றில் சாப்பிடுவது நல்லது. பசியாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் சாப்பிடுங்கள். மரம் வெட்டப் போகிறவர் விடியற்காலையில் எழுந்ததும் சாப்பிட்டுவிடலாம். வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாமல் என்னிடமோ கிளினிக்கிலோ சொல்லுங்கள். கொஞ்சம் ஆகாரத்தோடு சாப்பிடவோ நேரத்தை மாற்றவோ வழி சொல்வோம். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டு மடங்காகச் சாப்பிடக் கூடாது. மறந்ததை மறைக்கவும் கூடாது.

கிளினிக்கில் அல்லது தோட்ட ஆஸ்பத்திரியில் எங்கள் கண் முன்னால் மருந்தை விழுங்கச் சொல்வது உங்களை நம்பாததால் அல்ல. ஆறு மாதம் தனியாக ஒரு காரியத்தைச் செய்வது யாருக்கும் கஷ்டம். எனக்கே கஷ்டம். கூட ஒருவர் இருந்தால் மறதி வராது, தொந்தரவு வந்தாலும் அன்றே தெரிந்துவிடும்.

தைப்பூச விரதம் இருப்பவர் மருந்தை விட வேண்டியதில்லை. மாத்திரையும் தண்ணீரும் விரதத்தைக் கெடுக்காது. சந்தேகம் இருந்தால் விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐசோனியாசிட் சாப்பிடும்போது சூரை மீன், தொங்கோல் போன்றவற்றைச் சாப்பிட்டால் சிலருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். அப்படி வந்தால் அந்த மீனை ஆறு மாதம் தள்ளி வையுங்கள். சம்சு, பீர், கள் எதுவும் கூடாது. ஈரல் ஏற்கெனவே இந்த மருந்துகளின் சுமையைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. அதன் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றாதீர்கள். அதே காரணத்துக்காக ஜாமுவும், யாரோ சொன்ன லேகியமும் வேண்டாம்.

உடனே வரவேண்டிய அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றே, ஞாயிற்றுக்கிழமையானாலும், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்:

கண் வெள்ளை மஞ்சளாவது.
ஓயாத வாந்தி, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல், வலது விலாவுக்குக் கீழே வலி.
பார்வை மங்குவது, நிறம் சரியாகத் தெரியாமல் போவது.
உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீங்குவது, வாய்ப்புண்ணோடு காய்ச்சல்.
காரணமில்லாமல் தோலில் ரத்தப் புள்ளிகள், மூக்கிலிருந்து ரத்தம்.

மஞ்சள் கண்ணுக்கும் மஞ்சள் சிறுநீருக்கும் வித்தியாசம் உண்டு. சிறுநீர் மட்டும் செம்மஞ்சளானால் அது ரிஃபாம்பிசின் வேலை. கண்ணும் மஞ்சளானால் அது ஈரலின் ஓலம். கண்ணாடி முன் நின்று, வெளிச்சத்தில் கண்ணைத் தினமும் பாருங்கள்.

வேறு மருந்து சாப்பிடுபவர் கவனிக்க

ரிஃபாம்பிசின் மற்ற மருந்துகளின் பலத்தைக் குறைத்துவிடும். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை சாப்பிடும் சகோதரிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்: இந்த ஆறு மாதத்தில் அந்த மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. வேறு முறையை நர்ஸிடம் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். இனிப்புநீர் மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்து, வலிப்பு மருந்து, மெதடோன் சாப்பிடுபவர்களும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

கர்ப்பிணிகள் இந்த நான்கு மருந்துகளையும் சாப்பிடலாம். மருந்து சாப்பிடாத காசநோய்தான் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. ஸ்டிரெப்டோமைசின் ஊசி மட்டும் கூடாது, பிள்ளையின் காது கெடும். தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

வீட்டாரும் அயலாரும்

ஒரு வீட்டில் காசநோய் என்று தெரிந்தால் தட்டைத் தனியாக வைக்கிறார்கள். பாயைத் தூக்கி வெளியே போடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசலைத் தாண்டுவதில்லை. கல்யாண வீட்டுக்கு அழைப்பில்லை. இந்த வேதனைக்குப் பயந்தே பலர் வியாதியை மறைக்கிறார்கள். மறைப்பவரிடமிருந்துதான் மற்றவருக்குத் தொற்றுகிறது. ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவரிடமிருந்து சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதனால் ஒதுக்கி வைப்பவரே வியாதியைப் பரப்ப உதவுகிறார்!

தட்டு, டம்ளர், துணி மூலம் காசநோய் தொற்றாது. காற்றின் மூலம்தான் தொற்றும். ஆகவே தட்டை மாற்றாதீர்கள், சன்னலைத் திறந்து விடுங்கள். டாக்டர் சொல்லும் வரை நோயாளி முகக்கவசம் போடட்டும். காற்றோட்டமான இடத்தில் படுக்கட்டும். இருமும்போது வாயை மூடட்டும்.

வீட்டிலுள்ள எல்லோரும் பரிசோதனைக்கு வரவேண்டும். குறிப்பாகச் சின்னப் பிள்ளைகள். பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசி, குழந்தைக்கு மூளைக்குப் போகும் கடுமையான காசநோய் வராமல் பெரும்பாலும் காக்கும். ஆனால் அது முழுக் காவல் அல்ல. கிருமி மட்டும் இருந்து வியாதி இல்லாதவருக்குத் தடுப்பு மருந்து உண்டு. சில மாதம் தினமும் சாப்பிடுவதும் உண்டு, வாரம் ஒரு முறையாக 12 வாரம் சாப்பிடுவதும் உண்டு.

1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி டாக்டர் ஒவ்வொரு காசநோயாளியையும் மாவட்டச் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். சுகாதார அதிகாரி லயத்துக்கு வந்து விசாரித்தால் தண்டிக்க வந்தார் என்று நினைக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளைப் பாதுகாக்க வந்திருக்கிறார். அந்நிய நாட்டுத் தொழிலாளர் நம்மோடு வேலை செய்கிறார்கள். அவர் இருமினாலும் அழைத்து வாருங்கள். காற்றுக்குப் பாஸ்போர்ட் கிடையாது.

வேலையும் சம்பளமும்

'கிளினிக்குக்குப் போனால் அன்றைய சம்பளம் போச்சே' என்பதுதான் பலர் மருந்தை நிறுத்த உண்மையான காரணம். இதை நான் அறிவேன். மலேசியர்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் இந்த மருந்துக்குக் காசில்லை. ஆனால் போய்வரும் நாளுக்கு யார் கூலி கொடுப்பது?

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் இருப்பவருக்கு 18 நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் உள்ளவருக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுமுறை உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தால் 60 நாள் உண்டு. 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு. எம்.சி. வாங்கி 48 மணி நேரத்துக்குள் தோட்ட நிர்வாகத்துக்குத் தெரியப்படுத்திவிடுங்கள். எம்.சி. இல்லாமல் வீட்டிலிருந்துவிட்டுப் பிறகு வழக்காடுவதில் பிரயோசனமில்லை. காசநோய் என்பதற்காக யாராவது வேலையை விட்டு நிற்கச் சொன்னால், கையெழுத்து எதுவும் போடாமல் நேரே சங்கக் கிளைத் தலைவரிடம் போங்கள்.

நான் செய்த தவறு

மற்றவருக்குப் புத்தி சொல்லும்போது என் குற்றத்தையும் சொல்வது நியாயம். பல வருடத்துக்கு முன், வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தபோது, புல்லுக்கு மருந்தடிக்கும் ஓர் அக்கா இருமலோடு வந்தார். 'மருந்து நெடியாகத்தான் இருக்கும்' என்று இருமல் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். மறுபடி இருமல் தண்ணீர். மூன்றாம் முறையும் அப்படியே. ஆறு வாரம் போய்விட்டது. ஒரு நாள் கைக்குட்டையில் ரத்தத்தோடு வந்தார். சளியைச் சோதித்தால் கிருமி நிறைய. மருந்து சாப்பிட்டுக் குணமானார். ஆனால் ஒரு பக்க நுரையீரல் சுருங்கிவிட்டது. அதன் பிறகு மேட்டுக் காட்டில் ஏறும்போதெல்லாம் மூச்சு வாங்குவார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் இருமல் தண்ணீருக்கு முன்னால் சளி டப்பாவைத்தான் கையில் கொடுப்பேன். நான் கொடுக்க மறந்தாலும் நீங்கள் கேட்டு வாங்குங்கள். "ஐயா, சளி டெஸ்ட் பண்ணலையா?" என்று கேட்பது உங்கள் உரிமை. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அந்தப் பை

பையோடு வந்த அம்மாவை உட்கார வைத்து, இங்கே எழுதியதையெல்லாம் சொன்னேன். லாலான் கதையையும் சொன்னேன். இன்னொருவர் கதையையும் சொன்னேன். அவரும் மூன்றாம் மாதத்தில் நிறுத்தியவர். ஒரு வருடம் கழித்து ரத்தம் கக்கிக்கொண்டு வந்தார். அப்போது பழைய மருந்துகள் அவருக்குக் கேட்கவில்லை. அவருடைய நான்கு வயது மகளுக்கும் தொற்றியிருந்தது. பிள்ளை பிழைத்தது. அவர் பிழைக்கவில்லை.

அம்மா ஒன்றும் பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு போனார். மாலையில் வீட்டுக்காரரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சம்பளம் போகுதுன்னுதான் விட்டேன் ஐயா. நல்லாயிடுச்சின்னு அவகிட்ட சொல்லிட்டேன்" என்றார். மறுநாளே கிளினிக்குக்கு அனுப்பினேன். நல்ல வேளையாகச் சளியில் கிருமி இல்லை. விட்ட நாட்களைக் கணக்கிட்டு டாக்டர் மருந்தைத் தொடரச் சொன்னார். கிளைச் செயலாளர் நிர்வாகத்திடம் பேசி, கிளினிக் நாட்களைச் சரிசெய்து கொடுத்தார். இப்போது தினமும் விடியற்காலையில் அந்த அம்மா மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கிய பிறகுதான் அவரை வெளியே விடுகிறார். காலண்டரில் ஒரு கோடு போடுகிறார். இன்னும் ஒரு மாதக் கோடுதான் பாக்கி.

சகோதர சகோதரிகளே, பாதிக் கிணறு தாண்டியவன் கிணற்றுக்குள்தான் விழுவான். காசநோய்க்கு மருந்து இருக்கிறது. மருந்து குணப்படுத்துகிறது. நாம் செய்ய வேண்டியது மூன்றே காரியம்: இரண்டு வாரம் இருமினால் சளியைச் சோதியுங்கள். மருந்தை ஆரம்பித்தால் டாக்டர் போதும் என்று சொல்லும் வரை விடாதீர்கள். மருந்து சாப்பிடுகிறவரை ஒதுக்காமல் பக்கத்தில் நில்லுங்கள்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் பிரிக்காத மாத்திரை அட்டை இருக்கிறதா? நாளைக் காலை எடுத்துக்கொண்டு வாருங்கள். திட்ட மாட்டேன். ஒரு கோப்பி குடித்துக்கொண்டே பேசுவோம்.

அன்புடன்,
தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்